ஒலி முகம்மது சொந்தமாக எழுதிய மனு

நாற்பத்தாறு வயதாகும்வரை ஒலி முகம்மது மரைக்காயருக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் இருந்ததில்லை. அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. ஊரார் அபிப்பிராயங்களை நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். "தைக்கிற சட்டையெல்லாம் தையக்காரனே போட்டுக்கிட்டா வெளங்குமா?" என்று கேட்பார்.

நாகூரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கப்பலேறி சிங்கப்பூர் வந்து, ஒரு வெள்ளைக்கார வக்கீலிடம் எட்டு வருஷம் காகிதம் நகலெடுத்தார். வக்கீல் சீமைக்குத் திரும்பியபோது மரைக்காயரிடம் மிஞ்சியது ஒரு சாய்வு மேசையும், மனப்பாடமாகிப்போன முந்நூறு இங்கிலீஷ் வாக்கியங்களும். இரண்டையும் சுமந்துகொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு வந்து, ஹனீபாவின் கோப்பிக் கடைக்குப் பக்கத்தில், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடையில் மேசையைப் போட்டார். தெருப்புழுதி காகிதத்தில் படியக்கூடாது என்று ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இருபது வருஷமாக அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் மனுக்களுக்குத் தனி ருசி உண்டு. 'வேண்டும்' என்ற சொல் அதில் வராது. "கருணைக் கடலாகிய தங்கள் பாதத்தில், நடுநடுங்கும் கரங்களோடும் பெருக்கெடுக்கும் கண்ணீரோடும்" என்றுதான் தொடங்கும். நாய் வளர்க்க லைசென்சு கேட்டவரும் நடுங்கினார். காணாமல் போன வாத்துக்காகப் புகார் கொடுத்தவரும் நடுங்கினார். எழுதப்பட்டதைப் படித்துக் காட்டும்போது, தனக்கு இத்தனை துக்கமா என்று மனுதாரரே அசந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வதுண்டு.

1904ஆம் வருஷம் சிராங்கூன் ரோட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். குதிரையில்லாமல், மாடில்லாமல், மனிதன் இழுக்காமல், தலைக்கு மேலே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடப்போகிற டிராம் வண்டிக்காகத் தண்டவாளம் போட்டார்கள். ஹனீபா கடையில் அன்றிலிருந்து கோப்பியைவிட அபிப்பிராயம் அதிகமாக ஓடியது.

"மகாராணி இருந்தவரைக்கும் ரோடு ரோடா இருந்துச்சு. மகன் ராஜாவானாரு, தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் ஒருவர்.

"அதெல்லாமில்ல. ரஷ்யாக்காரனும் ஜப்பான்காரனும் அடிச்சுக்கிறாங்கல்ல? சண்ட இங்க வந்தா கவர்னரு மலையிலேர்ந்து கப்பல்தொறைக்கு ஒரே ஓட்டமா ஓடணும். அதுக்குத்தான் இந்த வண்டி" என்றார் இன்னொருவர்.

"கம்பி வானத்துல குறுக்க ஓடுதுல்ல, இனிமே நம்ம தேக்கா பக்கமே மழ பெய்யாது" என்றார் மூன்றாமவர். அவர் அதைச் சொன்னபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மரைக்காயர் யாருக்கும் ஆமாம் போடவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை அபிப்பிராயம் புரளுகிற இடத்தில் மனு எழுதாமல் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

முதலில் வந்தவர் ஜவுளிக்கடை முத்துசாமி. அந்த வட்டாரத்தில் முனிசிபல் தேர்தலுக்கு ஓட்டு உள்ளவர்கள் சிலர்தான். வரி கட்டும் அளவுக்குக் கடையோ வீடோ உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த யோகம். முத்துசாமிக்கு அது இருந்தது. ஒரு தடவைகூட அவர் போய்ப் போட்டதில்லை. ஆனால் ஓட்டு தன்னிடம் இருப்பதை யாரும் மறக்க அவர் விட்டதுமில்லை.

"மரைக்காயரே, டிராம் என் கடை வாசல்ல நிக்கணும். ஓட்டு உள்ளவன் சொல்றான்னு எழுதுங்க" என்றார்.

"ஏன் நிக்கணும்னு கேப்பாங்களே?"

"ஏன்னா என் கட அங்கதான இருக்கு!"

"அது ஒங்களுக்குக் காரணம். பொதுஜனத்துக்கு என்ன நன்ம?"

முத்துசாமி யோசித்தார். "பொதுஜனம் சேல கட்டுதுல்ல?"

மரைக்காயருக்கு அது போதும். நெருப்பாய்க் கொளுத்தும் வெயிலில் சேலை வாங்க நடந்து வரும் குலப்பெண்கள் வழியிலேயே மயங்கிச் சரிவதையும், தாயைக் காணாத பிள்ளைகள் வீட்டில் கதறுவதையும் இரண்டு பக்கம் எழுதினார். முத்துசாமி கேட்டுவிட்டு, "பாவம் லா" என்று மலாய் இழுவையோடு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் காலை பாக்கியலட்சுமி வந்தார். முத்துசாமி கடைக்கு நேர் எதிரே, ரோட்டின் மறுபக்கம் அவருடைய எருமைக் கொட்டில். இருபத்திரண்டு எருமைகள். புருஷன் செத்த பிறகு பால் வியாபாரத்தைத் தனியாக நடத்துகிறவர். எருமைகளிடம் ஒரு குரலிலும் மனிதர்களிடம் வேறு குரலிலும் பேசுவார். எருமைகளுக்குக் கிடைத்ததுதான் மென்மையான குரல்.

"மரைக்காரே, அந்தத் துணிக்கடைக்காரரு டிராம எங்க வாசல்ல நிறுத்தப் பாக்குறாராமே? நிக்கக்கூடாதுன்னு எழுதுங்க. டிங்கு டிங்குன்னு மணி அடிச்சா என் எரும பால எறக்காது. பால் இல்லேன்னா ஹனீபா பாய்க்குக் கோப்பி இல்ல, பச்சப் புள்ளைங்களுக்கு உசுரு இல்ல. கவர்னரு வீட்டுக்கும் பால் இல்ல."

"கவர்னர் வீட்டுக்கு நீங்களாம்மா பால் ஊத்துறீங்க?"

"ஊத்தல. ஒருநா கேட்டாங்கன்னா?"

மரைக்காயர் தலையாட்டினார். மணியோசை கேட்டு மடி வற்றும் ஜீவன்களையும், வெறும் சங்கைச் சப்பும் சிசுக்களையும், கவர்னர் மாளிகையின் வருங்காலக் காலிக் கோப்பையையும் இரண்டரைப் பக்கம் எழுதினார். நேற்றைய மனுவைவிட இது நன்றாக வந்துவிட்டதே என்று அவருக்குச் சின்ன உறுத்தல். உடனே முத்துசாமியின் மனுவை எடுத்து, மயங்கிய பெண்களில் ஒருத்தியைக் கர்ப்பிணி ஆக்கினார். இரண்டும் சமமாயின.

கையெழுத்து வாங்குவதில் சிரமமே இல்லை. ஹனீபா கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் மனுவிலும் போட்டார்கள், இரண்டாவதிலும் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். ஹனீபாவும் இரண்டிலும் போட்டார். "ரெண்டு பேரும் நம்ம கடைக்கி வர்றவங்கதானே. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடலேன்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

எழுதிய மனுவை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ஆமினா பீவியிடம் தமிழில் படித்துக் காட்டுவது மரைக்காயரின் பழக்கம். ஆமினா பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். மீன் ஆய்ந்துகொண்டே இரண்டையும் கேட்டார்.

"அலாமா! டிராம் நிக்கலேன்னா பொம்பளைங்க மயங்கி விழுவாங்க. நின்னா எரும மயங்கி விழும். யாராச்சும் ஒருத்தர் மயங்கித்தான் ஆவணுமா, மச்சான்?"

"அது என் வேல இல்ல. நான் எழுதறவன்."

"ரெண்டுல எது பொய்?"

"மனுவுல பொய்யி மெய்யின்னு கெடையாது. நல்ல மனு, மோசமான மனு, அவ்வளவுதான்."

ஆமினா மீனின் வாலைக் கொஞ்சம் ஓங்கி நறுக்கினார்.

மூன்று வாரம் கழித்து முனிசிபல் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. முத்துசாமியும் பாக்கியலட்சுமியும் நேரில் வந்து விசாரணையில் தங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். கூடவே மனு எழுதியவரும் வர வேண்டும். கடைசி வாக்கியத்தை மரைக்காயர் நான்கு தடவை படித்தார். அவர் கையே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அன்று குதிரைவண்டிக்காரன் ஒருவனும் வரச் சம்மதிக்கவில்லை. தோண்டிப் போட்ட ரோட்டில் குதிரையின் கால் போய்விடும் என்றார்கள். கடைசியில் மூன்று பேரும் பாக்கியலட்சுமியின் பால்வண்டியில்தான் போக வேண்டியதாயிற்று. இரண்டு காளைகள் இழுக்க, பாக்கியலட்சுமியே ஓட்டினார். முத்துசாமி சரிகைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாகப் பால் டின்களுக்கு நடுவே உட்கார்ந்தார். வாதியும் பிரதிவாதியும் இரண்டு பேருக்கும் எழுதியவரும் ஒரே வண்டியில் போவதைப் பார்க்க ஹனீபா கடையே வாசலுக்கு வந்து நின்றது.

அரை மைல் போவதற்குள் வண்டிச் சக்கரம் டிராம் பள்ளத்தில் இறங்கியது. பாக்கியலட்சுமி காளைகளை அதட்ட, முத்துசாமியும் மரைக்காயரும் இறங்கித் தள்ளினார்கள். செம்மண் சேறு முத்துசாமியின் முழங்கால்வரை ஏறியது.

"இந்த டிராமக் கொண்டாந்தவன் நாசமாப் போவ!" என்றார் முத்துசாமி.

"அத அப்படியே அங்க வந்து சொல்லுங்க. என் பக்கம் ஒரு சாட்சி கூடும்" என்றார் பாக்கியலட்சுமி, வண்டியின் மேலிருந்து.

விசாரணை நடத்தியவர் ஹார்க்னஸ் என்ற துரை. ரோடுகளைக் கவனிக்கும் உதவி இஞ்சினீயர். ஒல்லியானவர், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று மரைக்காயரையே மொழிபெயர்க்கச் சொன்னார். மரைக்காயருக்குப் பாதி உயிர் திரும்பியது. பேசுகிறவர்கள் என்ன உளறினாலும் துரையின் காதுக்குப் போவது தன் வழியாகத்தானே!

முத்துசாமி தொடங்கினார். "இந்தம்மா எரும போடுற சாணிய மிதிக்காம ஒருத்தன் என் கடைக்கி வர முடியாது. வாசல்ல டிராம் நின்னாலாச்சும் சனங்க காலு சுத்தமா உள்ள வரும்."

மரைக்காயர் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார்: "தமது அண்டை வீட்டாரின் கால்நடைச் செல்வத்தை இவர் மிகவும் மதிக்கிறார். அதன் வளம் தம் கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும் என்கிறார்."

துரை குறித்துக்கொண்டார்.

பாக்கியலட்சுமி விடவில்லை. "இவரு கடத் துணிய ஒரு தடவ வெளுத்தா சேல கொசுவலையாப் போயிடும். இதுக்கு டிராம் வேற கேக்குதோ! கொளத்துல போடுங்க அந்தக் கடைய!"

"இவருடைய துணிகள் காற்றோட்டமானவை என்று அம்மையார் பாராட்டுகிறார். கடை நீர்வளத்தோடு விளங்க வேண்டும் என்று வாழ்த்துகிறார்."

துரை அதையும் குறித்துக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தமிழில், அதுவும் நாகப்பட்டணத்துத் தமிழில் சொன்னார்:

"கொசுவலைய உட்டுட்டீங்களே, மரைக்காரே."

ஹார்க்னஸ் துரை சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் ஒன்பது வருஷம் நாகப்பட்டணத்து ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். தமிழில் அவருக்குத் தெரியாத வசவு இல்லை. மரைக்காயரின் தொப்பிக்குள் வியர்வை ஊறி நெற்றியில் இறங்கியது. முத்துசாமி தன் சேற்றுக் காலைப் பார்த்தார். பாக்கியலட்சுமி மட்டும், "அப்ப நான் சொன்னது நேராவே போயிருச்சா? நல்லதாப் போச்சு" என்றார்.

துரை இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நாப்பத்தொரு பேரு ரெண்டுலயும் கையெழுத்து போட்டிருக்காங்க. நிக்கணுங்கிறாங்க, நிக்கக்கூடாதுங்கிறாங்க. ரெண்டும் ஒரே கை எழுதினது. ரெண்டுலயும் ஒரே மாதிரி நடுங்குறீங்க. நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் தோணல, தொரை."

"தோணட்டும். வெள்ளிக்கெழமைக்குள்ள நீங்களா ஒரு மனு எழுதி, ஒங்க பேரப் போட்டுக் கொண்டாங்க. டிராம் எங்க நிக்கணும்?"

"வெள்ளிக்கெழம ஜும்மா, தொரை."

"அப்ப வியாழக்கெழம."

அன்று திங்கட்கிழமை. மரைக்காயர் வீட்டுக்கு வந்து மேசையைப் போட்டு உட்கார்ந்தார். "கருணைக் கடலாகிய" என்று எழுதினார். மேலே போகவில்லை. யார் நடுங்குவது? வாடிக்கைக்காரர் எதிரே இல்லாமல் எங்கே திரும்புவது என்று பேனாவுக்கே தெரியவில்லை. ஐந்து காகிதம் கிழிந்தது. பொருளை விட்டுவிட்டு மையைக் குறை சொன்னார், பேனா முள்ளைக் குறை சொன்னார், கடைசியில் பக்கத்து வீட்டுச் சேவலைக் குறை சொன்னார்.

"மச்சான், டிராம் எங்க ஓடப்போவுது?" என்று கேட்டார் ஆமினா.

"சிராங்கூன் ரோட்டுல."

"அந்த ரோட்ட நீங்க பாத்திருக்கீங்களா?"

"இருபது வருசமா அங்கதான உக்காந்திருக்கேன்!"

"உக்காந்திருக்கீங்க. முதுகுதான பாத்துச்சு? போயி நடந்து பாத்துட்டு வாங்க லா."

செவ்வாய்க்கிழமை காலை மரைக்காயர் குடையை விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். முதலில் முத்துசாமி கடை எதிரே ஒரு மணி நேரம் நின்றார். சேலை வாங்க வந்த பெண்கள் கூட்டமாக வந்தார்கள், சிரித்துக்கொண்டு வந்தார்கள், விலையை அடித்துக் குறைத்துவிட்டு வந்ததைவிடத் தெம்பாகத் திரும்பிப் போனார்கள். ஒருத்தியும் மயங்கவில்லை. பிறகு கொட்டில் பக்கம் திரும்பி நின்றார். ரோடு போடும் நீராவி உருளை பூமி அதிர, புகை கக்க, ஊளையிட்டுக்கொண்டு கொட்டிலை ஒட்டிப் போனது. மரைக்காயர் காதைப் பொத்திக்கொண்டார். எருமைகளில் ஒன்று அசைபோடுவதை நிறுத்தியது. உருளைக்காக அல்ல, மூக்கில் ஈ உட்கார்ந்ததற்காக.

மரைக்காயர் நடு ரோட்டில் நின்று சிரித்தார். நாலரைப் பக்கம் எழுதியிருந்தார். அதில் உண்மையாக இருந்தது தேதி மட்டும்தான்.

சிரித்துக்கொண்டே வடக்கே நடந்தார். வெயில் ஏறியது. ஏழைகள் ஆஸ்பத்திரி இருந்த பக்கம் போகப் போகக் கடைகள் குறைந்தன. அங்கே ஒரு சீனக் கூலிக்காரர் தன்னைப் போலவே மெலிந்த இன்னொருவரை முதுகில் சுமந்து நடந்துகொண்டிருந்தார். இருபது அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்தார். முதுகில் இருந்தவரின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. இன்னும் தூரமா என்று மரைக்காயரிடம் மலாயில் கேட்டார் சுமந்தவர். தூரம்தான். மரைக்காயர் குடையை அவர்கள் இருவருக்கும் மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர்களுடைய துணி மூட்டையையும் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் இன்னும் மூன்று பேரைப் பார்த்தார். ஒருவரை மூங்கில் நாற்காலியில் தூக்கி வந்தார்கள். கைத்தடி ஊன்றித் தனியாக வந்த ஒரு தமிழர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "கப்பல்தொறையிலேர்ந்து. விடியறதுக்கு முந்தி பொறப்பட்டேன்" என்றார். அப்போது பகல் பதினோரு மணி.

அன்று மாலை மரைக்காயர் எழுதியது அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய மனு.

"நான் இந்த ரோட்டில் நடந்து பார்த்தேன். நோயாளிகளை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். டிராம் அந்த வாசலில் நிற்க வேண்டும். சேலைக்கு அவசரமில்லை. எருமைகளுக்குக் கவலையில்லை. ஒலி முகம்மது."

ஆமினாவுக்குப் படித்துக் காட்டினார்.

"இவ்வளவுதானா? நடுங்கவே இல்லையே?"

"நடுக்கம் வரல."

"இதுக்கு யாரு காசு குடுத்தா?"

"யாருமில்ல."

"அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆமினா விளக்கைத் துடைக்கப் போனார். ஆனால் போகிற போக்கில், அந்தக் காகிதத்தில் மை காய்ந்துவிட்டதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

மனு துரையிடம் போய், விஷயம் வெளியே வந்ததும் சிராங்கூன் ரோட்டில் ஓர் அதிசயம் நடந்தது. பதினொரு வருஷமாக ஒருவருக்கொருவர் சண்டையைத் தவிர வேறெதுவும் பேசாத முத்துசாமியும் பாக்கியலட்சுமியும் ஹனீபா கடையில் ஒரே பலகையில் உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள்.

"சேலைக்கு அவசரமில்லையாம்!" என்றார் முத்துசாமி.

"என் எருமைக்குக் கவல இல்லையாம்! எருமைக்குள்ள போயி பாத்தாரா?" என்றார் பாக்கியலட்சுமி.

ஒலி முகம்மது என்ற மனு எழுதுபவர் நம்பத் தகாதவர் என்று துரைக்கு இருவரும் சேர்ந்து மனு போட முடிவு செய்தார்கள். பிறகு ஒரு சங்கடம் தெரிய வந்தது. அந்த ரோட்டில் இங்கிலீஷ் மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். இருவரும் எழுந்து பத்தடி நடந்து மரைக்காயர் மேசைக்கு வந்தார்கள்.

மரைக்காயர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். "நம்பத் தகாதவர்னு போடவா, துரோகின்னு போடவா?"

"ரெண்டும் போடுங்க" என்றார் பாக்கியலட்சுமி.

அவர் குறைவைக்கவில்லை. நன்றி கெட்ட பேனா, தேன் தடவிய நாக்கு, முதுகில் குத்திய மை என்று மூன்று பக்கம் எழுதினார். மனுதாரர்கள் முன்னெப்போதையும்விட அதிகமாக நடுங்கினார்கள். படித்துக் காட்டியதும் முத்துசாமிக்கே சங்கடமாகிவிட்டது. "இவ்வளவு வேணாம், மரைக்காயரே. கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றார். மரைக்காயர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குத் துரையிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் ஹார்க்னஸ் துரை அதைத் தன் நண்பர்களுக்கு விருந்தில் படித்துக் காட்டினார் என்று அவர் சமையற்காரர் வந்து சொன்னார்.

1905இல் டிராம் ஓடத் தொடங்கியது. ஆஸ்பத்திரிப் பக்கம் நின்றது. அது மரைக்காயரின் மனுவாலா, அல்லது கம்பெனிக்காரர்கள் முன்னமே அப்படித்தான் நினைத்திருந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. மரைக்காயர் தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. முத்துசாமி கடை வாசலில் நிற்காமல் மணியடித்துக்கொண்டு பறந்தது. முத்துசாமி வாசலில் நின்று, ஓட்டு உள்ள ஒரு மனிதனைத் தாண்டிப் போகும் அந்தத் திமிரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எருமைகள் யாருடைய மனுவையும் படிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் சேற்றுக் குட்டையிலிருந்து திரும்பிய எருமைகளில் ஏழு, கொட்டிலுக்குள் போகாமல் தண்டவாளத்தின்மேல் படுத்துக்கொண்டன. இரு தண்டவாளத்துக்கும் நடுவே புதிதாகக் கொத்திப் போட்ட மண் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். டிராம் வந்தது. ஓட்டுநர் மணியடித்தார். எருமைகள் காதைக்கூட ஆட்டவில்லை. இன்னும் அடித்தார். ஒன்று கண்ணை மூடிக்கொண்டது. மணியோசை அதற்குத் தாலாட்டாக இருந்தது போலும்.

கால் மணி நேரம் டிராம் அங்கேயே நின்றது, முத்துசாமி கடை வாசலுக்கு நேராக. பயணிகள் இறங்கினார்கள். நான்கு பெண்கள், சும்மா நிற்பானேன் என்று கடைக்குள் போய் இரண்டு சேலையோடு வெளியே வந்தார்கள். பாக்கியலட்சுமி எருமைகளை விரட்டக் கம்போடு வெளியே வந்தார். வேர்த்து நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கம்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பானை மோரோடு திரும்பி வந்தார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு எருமைகள் படுத்தன. அதற்கு மறுநாளும். இரண்டாம் வாரம் பாக்கியலட்சுமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதிகாலையில் கதவிடுக்கில் பார்த்தபோது, முத்துசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே எள்ளுப் புண்ணாக்கு தூவிக்கொண்டிருந்தார்.

"ஓட்டு உள்ள மனுசன் செய்யிற வேலையா இது?" என்று கதவைத் திறந்து கேட்டார்.

முத்துசாமி பிடிபட்ட திருடனைப் போல நின்றார். "இல்லம்மா... சும்மா... எரும பாவம்னு..."

"எள்ளுப் புண்ணாக்கு என் எருமைக்குச் சூடு. தேங்காப் புண்ணாக்கு போடுங்க."

டிராம் ஓட்டுநர்கள் அந்த இடத்தில் எப்படியும் நிற்கத்தான் வேண்டும் என்று பழகிக்கொண்டார்கள். பயணிகளும் 'எருமை வாசல்' என்று கேட்டு அங்கே இறங்கப் பழகிக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, அங்கே டிராம் நிற்கும் என்று முறைப்படி ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார். ஊரெல்லாம் அதை மரைக்காயரின் சாமர்த்தியம் என்று பேசிக்கொண்டது. அவர் மறுத்துச் சொல்லியும் யாரும் நம்பவில்லை.

உண்மையில் மரைக்காயருக்கு வேறு தொந்தரவு ஆரம்பித்திருந்தது. அபிப்பிராயம் என்ற வியாதி தொற்றிவிட்டது. மேசையை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். புழுதி படிந்தது, துடைத்துக்கொண்டார். மனு எழுத வருகிறவர்களோடு வாதாட ஆரம்பித்தார். "ரிக்‌ஷாக்காரங்கள இந்தப் பக்கம் விடக்கூடாதுன்னா அவங்க எங்க போவாங்க? நான் எழுத மாட்டேன், போங்க" என்பார். வாடிக்கை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்காரர்கள் மனுவுக்காக வரவில்லை, வாதத்துக்காக வந்தார்கள். ஹனீபா கடையில் கோப்பி விற்பனை கூடியது.

சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, டிராமின் இரண்டாம் வகுப்பு பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆணி என்று சொந்தப் பெயரில் எழுதித் தள்ளினார். ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவரும் ஆமினாவும் டிராமேறி கடற்கரைவரை போய்வந்தார்கள். ஆமினா ஜன்னலோரம் உட்கார்ந்து, போகும் வழியெல்லாம் எந்த ரோட்டில் என்ன குறை என்று சொல்லிக்கொண்டே வந்தார். மரைக்காயர் முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டு வந்தார்.

1911இல், தன் ஐம்பத்து மூன்றாம் வயதில், அதிலெல்லாம் பெரிதாக ஒன்று எழுதினார். சொந்த வீடோ கடையோ இல்லாதவன் முனிசிபல் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. ஆனால் ரோட்டில் அதிகம் நடப்பவன் அவன்தான். பள்ளத்தில் விழுபவனும் அவன்தான். அவனுக்கும் ஓட்டு வேண்டும். இதுதான் மனு. முத்துசாமி அதில் முதல் கையெழுத்துப் போட்டார். "என் ஓட்ட வேணும்னாலும் எடுத்துக்குங்க, எனக்கு அதுக்கு நேரமே கெடைக்கிறதில்ல" என்றார். பாக்கியலட்சுமி கைநாட்டு வைத்துவிட்டு, "பொம்பளைக்கும்னு சேத்தீங்களா?" என்று கேட்டார். மரைக்காயர் சேர்க்கவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து சேர்த்தார்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: தங்கள் கடிதம் பெறப்பட்டு, குறித்துக்கொள்ளப்பட்டது.

மரைக்காயர் அதை ஹனீபா கடையில் உரக்கப் படித்தார். வீட்டுக்கு வந்து ஆமினாவுக்கும் படித்துக் காட்டினார்.

"குறிச்சுக்கிட்டாங்களாம். எதுல குறிச்சாங்கன்னு சொல்லலியே லா?" என்றார் ஆமினா.

"ஆமா, சொல்லல" என்றார் மரைக்காயர். மைக்கூட்டைத் திறந்து, அதைக் கேட்டு எழுத உட்கார்ந்தார்.